டி டிரைவில் ஓடிய பஸ்

கம்ப்யூட்டர் நின்று நின்று ஓட ஆரம்பித்ததும் சர்வேயர் கோளாறைத் தேடவில்லை, குற்றவாளியைத் தேடினார். அவரைச் சொல்லியும் பிரயோஜனமில்லை, பிழைப்பு அப்படி. ரோட்டில் இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டால் இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் போய், நசுங்கிய கதவையும் உடைந்த விளக்கையும் குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, தப்பு யார் பக்கம் என்று எழுதிக் கொடுப்பவர். எழுதிவிட்டால் எழுதினதுதான். அந்தப் பழக்கத்தோடுதான் வீட்டுக்கும் வருவார். பால் பொங்கி வழிந்தால்கூட, அடுப்பைத் துடைப்பதற்கு முன்னால், கடைசியாக அடுப்படியிலிருந்து வெளியே போனது யார் என்று கேட்கிற ஆள்.

கம்ப்யூட்டர் நிற்பது என்றால் ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. அவர் மனைவி பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். இலையின் குறுக்குவெட்டு, எரிமலையின் வயிறு, தவளையின் இதயம் என்று எதையும் இரண்டாகப் பிளந்து வரைந்துவிடுவாள். தவளைக்கு ரத்தக்குழாய் இழுத்துக்கொண்டிருக்கும்போது திரையில் எல்லாம் அப்படியே நின்றுபோகும். நாலு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஓட ஆரம்பிக்கும். அதற்குள் அவள் கை போன இடத்துக்கெல்லாம் கோடு பாய்ந்து, ரத்தக்குழாய் தவளையின் கண் வழியாக வெளியே வந்திருக்கும்.

"என்னங்க, திரும்ப நின்னுடுச்சு!"

"எதையும் தொடாத. கைய எடு" என்று மேஜையின் மறுபக்கத்திலிருந்து சர்வேயர் எழுந்து வருவார். இருவருக்கும் ஒரே நீள மேஜை. ராத்திரி வீட்டு வேலை முடிந்ததும் அவள் ஒரு பக்கம் படம் வரைவாள், அவர் மறுபக்கம் தன் லேப்டாப்பில் விபத்து அறிக்கை எழுதுவார். நடுவில் மேஜைக்கு அடியில், தரையில், அவளுடைய கம்ப்யூட்டரின் பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். முதலாவது சின்னது, வேகமானது. கம்ப்யூட்டரின் உயிர் அதில் இருந்தது. இரண்டாவது பெரியது, உள்ளே தட்டு சுற்றுகிற பழைய ரகம். மனைவியின் பிழைப்பு அதில் இருந்தது. வீட்டில் அதற்கு டி டிரைவ் என்று பெயர். படங்கள் பெருகிப்போய் இடம் போதாமல் ஆனபோது அதை வாங்கிவந்து மாட்டியவர் சர்வேயர்தான். "இதுக்கெல்லாமா ஆள் கூப்பிடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே, ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே மாட்டினார். ஆகையால் மாட்டியதில் தப்பு இருக்கும் என்கிற சந்தேகம் அவருக்குக் கனவிலும் வரவில்லை.

மற்றதையெல்லாம் சந்தேகப்பட்டார். முதலில் வைரஸைச் சந்தேகப்பட்டு வீட்டையே கழுவுகிற மாதிரி கம்ப்யூட்டரைக் கழுவினார். வைரஸ் இல்லை. டிஸ்க் வேலையில்லாத நேரத்தில் தூங்கப் போய்விடுகிறதோ என்று அதன் தூக்கத்தைக் கெடுத்தார். சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்தினார். கம்ப்யூட்டர் தானாகவே கோப்புகளைத் தேடிப் பட்டியல் போட்டுக்கொள்கிற வேலையை நிறுத்தினார். டிஸ்கின் உடம்பைச் சோதிக்கிற ஒரு புரோகிராமை ஓட்டினார். அது பச்சை நிறத்தில் 'நலம்' என்றது. ஆனால் நின்றுபோகிற ஒவ்வொரு முறையும் டி டிரைவ் நூறு சதவீதம் வேலையில் இருப்பதாகவும், செய்து முடித்த வேலை பூஜ்யம் என்றும் திரை காட்டியது. அவருடைய மேனேஜரைப் பற்றியும் இதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதில்லை.

திரையில் நீலப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டே சர்வேயர் பொறுமையில்லாமல் உட்கார்ந்திருப்பார். யோசனை வந்தால் அவர் உட்கார்ந்தபடியே காலை ஆட்டுவார், கல்யாணத்துக்கு முந்தின பழக்கம் அது. அவர் ஆட்ட ஆட்ட டிரைவ் முரண்டு பிடிக்கும். அது முரண்டு பிடிக்கப் பிடிக்க அவருக்கு யோசனை கூடும்.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். "உள்ள எல்லாம் நான் பாத்துட்டேன். நீங்க சாஃப்ட்வேரை மட்டும் பாருங்க" என்று கட்டளையும் போட்டுவிட்டு வந்தார். கடைக்காரர் மறுநாள் கூப்பிட்டு, "சார், காலையிலேர்ந்து ஓடுது. ஒரு தடவைகூட நிக்கல. எடுத்துட்டுப் போங்க" என்றார்.

சர்வேயரின் மூளை அங்கேதான் மின்னியது. கடையில் ஓடுகிறது, வீட்டில் நிற்கிறது. அப்படியானால் வீட்டில் இருந்து கடையில் இல்லாதது எது? அவர் வழி நெடுக யோசித்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் பதில் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

மாமனார் ரிட்டையர் ஆன பஸ் டிரைவர். மாமியார் காலமான பிறகு சின்ன மகள் வீட்டோடு வந்துவிட்டவர். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார், டிவி சத்தத்தைக் கூட்ட மாட்டார், மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்கக்கூடப் பார்ப்பார். பெருமை என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. சர்வீஸ் முழுக்க அவர் ஓட்டிய பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதையும் அவராகச் சொல்ல மாட்டார். யாராவது கேட்டால், அதற்காகவே காத்திருந்த மாதிரி சொல்லுவார்.

அப்பா பொழுது போகாமல் ஜன்னலோரம் நிற்கிறாரே என்று மகள் ஒரு பஸ் ஓட்டுகிற விளையாட்டை டி டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். அதை விளையாடுகிற உலகம் முழுவதும் பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதிச் சிரிக்கும். மாமனார் அப்படி இல்லை. மத்தியானம், மகள் சற்றுப் படுக்கப் போன பிறகு, ஒரு மஞ்சள் துணியால் திரையையும் பெட்டியையும் துடைத்துவிட்டு உட்காருவார். சட்டைக் கை மடிப்பை இறக்கிவிட்டுக்கொள்வார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்பார். கிழவி ஒருத்தி படியேறி இருக்கையில் உட்காருகிற வரைக்கும், அது வெறும் பொம்மை என்று தெரிந்தும், வண்டியை எடுக்க மாட்டார். அந்த ஒன்றரை மணி நேரம் அவர் யாருடைய வீட்டிலும் அண்டியிருக்கிற கிழவர் இல்லை. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிற டிரைவர்.

"மாமா, நீங்க ஓட்டும்போது கம்ப்யூட்டர் நிக்குதா?"

"இல்லையே மாப்பிள்ளை. எனக்கு ஒரு தடவைகூட நின்னதில்ல."

சர்வேயர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இந்தப் பதிலை அவர் எத்தனை டிரைவர்கள் வாயால் கேட்டிருக்கிறார்! நான் பாட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன் சார், எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். எதுவும் நடக்கவில்லை என்று சொல்கிற டிரைவர்தான் அவர் கணக்கில் முதல் குற்றவாளி.

"ஞாயித்துக்கிழமை என் முன்னாடி ஓட்டிக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் ஓட்டினார். சர்வேயர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்தார். பஸ் ஒரு வளைவில் திரும்பியது. நின்றது. திரையே நின்றது. பிறகு விட்டுப்போன நேரத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்து ஒரே தாவலாகத் தாவி, நடைபாதையில் ஏறி, விளக்குக் கம்பத்தில் போய் மோதியது.

மாமனார் கையை எடுத்துவிட்டார். கம்பத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். "இது... இப்படி ஆனதே இல்ல மாப்பிள்ளை."

"அதான் ஆயிடுச்சே மாமா" என்றார் சர்வேயர், பிரம்படி மாதிரி. "பெரிய கேம் இது. டிரைவைப் போட்டு உருட்டுது. இவ வேலையெல்லாம் அதுலதான் இருக்கு. ஏதாவது ஒண்ணுன்னா புத்தகமே போயிடும்."

மகள் குறுக்கே வந்தாள். "பாவம், மத்தியானம் கொஞ்ச நேரம் ஓட்டுறாரு. அதுல என்ன வந்துடப் போகுது?"

"விடும்மா. மாப்பிள்ளை சொல்றது சரிதான். உன் வேலைதான் முக்கியம்" என்று மாமனாரே எழுந்துவிட்டார். சர்வேயர் அன்றைக்கே விளையாட்டை அழித்தார்.

அந்தச் சமயம் பார்த்து வெளியூரில் ஆலங்கட்டி மழை கொட்டி, நூற்றுக்கணக்கான கார்கள் சொட்டையாகிவிட, கம்பெனி சர்வேயரை அங்கே அனுப்பிவைத்தது. அவர் இல்லாத நாட்களில் கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தவளை முடிந்து எரிமலையும் பாதி முடிந்துவிட்டது. மனைவி போனில் சந்தோஷமாகச் சொன்னாள். "நீங்க சொன்னதுதாங்க சரி. கேமை எடுத்ததுலேர்ந்து அருமையா ஓடுது."

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்றார் சர்வேயர். சொட்டை விழுந்த கார்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அவர் அடைந்த திருப்தி கொஞ்சநஞ்சமல்ல.

அவள் பேசியதை மாமனாரும் கேட்டிருந்தார். சர்வேயர் ஊர் திரும்பியபோது அவர் வீட்டில் இல்லை. பெரிய மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டாராம். துணிமணி எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தார். கொஞ்ச நாளுக்குப் போகிறவர் குடையைக்கூடவா எடுத்துப் போவார் என்று சொல்லி மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் பதிப்பகத்துக்கு அத்தியாயம் முழுவதும் போயாக வேண்டும். மனைவி தலை நிமிராமல் எரிமலைக்கு உள்ளே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். சர்வேயர் மறுபக்கம் உட்கார்ந்து ஆலங்கட்டி அறிக்கையைத் திறந்தார். எழுத ஆரம்பித்தார். யோசித்தார்.

"ஐயோ, நின்னுடுச்சு!"

"எப்படி நிக்கும்? கேம்தான் இல்லையே?"

"எனக்கென்ன தெரியும்? இத்தனை நாள் நல்லா ஓடுச்சு. நீங்க வந்தீங்க, நின்னுடுச்சு." அவள் அதை ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. எரிச்சலில் வந்த வார்த்தை. "முதல்ல அந்தக் காலை ஆட்டாம உக்காருங்களேன். மேஜையே ஆடுது, நான் எப்படிக் கோடு போடுறது?"

சர்வேயர் காலை நிறுத்தினார். எரிமலை ஓட ஆரம்பித்தது.

அவர் மேஜைக்குக் கீழே பார்த்தார். தன் முழங்கால் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். காலை மெல்ல ஆட்டினார். "திரும்பவும்!" என்றாள் மனைவி. நிறுத்தினார். "ஆங், வந்துடுச்சு." மறுபடி ஆட்டினார். மறுபடி நின்றது. இதில் பாதி சாட்சியம்கூட இல்லாமல் எத்தனையோ டிரைவர்கள் தலையில் அவர் தப்பை எழுதியிருக்கிறார்.

"கரண்டை ஆஃப் பண்ணு" என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் புகுந்தார். பக்கத்து மூடியைக் கழற்றினார். டி டிரைவுக்குப் போகிற வயர் பாதி வெளியே வந்து, விழவா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. நாலு திருகாணி இருக்க வேண்டிய டிரைவில் ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றும் அவர் போட்டதுதான். இப்போதைக்கு ஒன்று போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு நினைத்தது நினைவுக்கு வந்தது. ஒற்றைத் திருகாணியில் ஊசலாடிய டிரைவை அவர் தினமும் முழங்காலால் இடித்து இடித்து வயரைக் கழற்றியிருக்கிறார். கடையில் ஓடியது, ஏனென்றால் கடையில் அவர் இல்லை. மாமனாருக்கு ஓடியது, ஏனென்றால் மத்தியானம் சர்வேயர் ஆபீஸில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விளக்குக் கம்பத்தில் மோதியது அந்த மனிதர் அல்ல.

சர்வேயர் வயரை அழுத்தி மாட்டி, திருகாணிகளைத் தேடியெடுத்து முடுக்கிய பிறகும் வெளியே வர மனமில்லாமல் மேஜைக்கு அடியிலேயே கிடந்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"வயரு. லூஸா இருந்துச்சு."

"வயரா? அது எப்படி லூஸாகும்?" என்றாள் மனைவி. "ஓ... அப்பா தினமும் பெட்டியத் துடைப்பாரே. பஸ்ஸைத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைச்சிருப்பாரு. அதுலதான் ஆட்டம் கண்டிருக்கும், இல்ல?"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதர் என்ன சொல்லியிருப்பார் என்று நமக்குத் தெரியும். சர்வேயருக்கும் தெரியும். ஆனால் அவர் பிழைப்பு முழுக்க அடுத்தவர் தப்பை எழுதிப் பழகியவர். தன் தப்பைச் சொல்ல வாய் பழகவில்லை.

"இருக்கலாம்" என்றார்.

அவள் உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள். நல்ல எண்ணத்தில்தான் போட்டாள். "அப்பா, பிரச்சினை கேம்ல இல்லப்பா. நீங்க துடைச்சதுல வயர் லூஸாயிருக்கு, அவ்வளவுதான். இவரு சரி பண்ணிட்டாரு. கிளம்பி வாங்க."

மறுமுனையிலிருந்து "மெதுவாத்தானேம்மா துடைச்சேன்" என்று கேட்டது. "துணியால... மெதுவாத்தான்... சரி. அப்ப நான்தான். சர்வீஸ்ல வராதது இப்ப வந்துடுச்சு." போனை வைத்துவிட்டார்.

அந்த வாரம் சர்வேயர் எழுதிய எந்த அறிக்கையிலும் தப்பு யார் மேலும் விழவில்லை. இரு தரப்பிலும் கவனக்குறைவு இருந்திருக்கலாம், சாலையும் காரணமாக இருக்கலாம், எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றே எழுதினார். மேனேஜர் கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். சாப்பாடு இறங்கவில்லை. வார முடிவில், இனித் தாங்காது என்று, பெரிய மகள் வீட்டுக்கே போனார்.

மாமனார் ஹாலில், பேரப்பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "டிரைவ் எப்படி மாப்பிள்ளை இருக்கு? படமெல்லாம் பத்திரமா?"

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும். கம்ப்யூட்டர் நின்னது உங்களால இல்ல. என்னாலதான். நான் காலை ஆட்டி ஆட்டி அந்தப் பெட்டிய இடிச்சிருக்கேன். திருகாணியும் நான் ஒழுங்காப் போடல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

ஹாலில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மனைவியின் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரிய மனசு தம்பி உங்களுக்கு" என்றாள்.

"மனசு இல்லக்கா, கால்! என் கால்!"

மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க டிப்போவுல ஒரு கண்டக்டர் இருந்தான் மாப்பிள்ளை. தங்கமானவன். டிரைவர் பண்ண தப்பையெல்லாம் தன் மேல இழுத்துப் போட்டுக்குவான். நான் யாரையும் அப்படிச் செய்ய விட்டதில்ல. உங்களையும் விட மாட்டேன்."

சர்வேயர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கெஞ்சிக் கூத்தாடி அவரை வீட்டுக்கு அழைத்துவந்தார். விளையாட்டை மறுபடி ஏற்றினார். மாமனாரையும் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, "இப்பப் பாருங்க" என்று முழங்காலைப் பெட்டியில் வைத்துத் தன் பலம் கொண்ட மட்டும் ஆட்டினார். மேஜை குதித்தது, டீ டம்ளர் குதித்தது. கம்ப்யூட்டர் வெண்ணெய் மாதிரி ஓடியது. அவர்தான் வயரை அழுத்தி மாட்டி, எல்லாத் திருகாணிகளையும் முடுக்கிவிட்டாரே! வாழ்க்கையில் அவர் ஒழுங்காகச் செய்த ஒரே ரிப்பேர் அது.

"போதுங்க" என்றாள் மனைவி. சிரிப்பும் அழுகையுமாக அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை அவர் அவளிடமிருந்து வாங்கியதில்லை. அதை வாங்கிக்கொள்ள அவருக்கு யோக்கியதை இல்லை என்பது அவருக்கு மட்டும் தெரிந்தது.

"இரு!" என்று கத்திவிட்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தார். மூன்று திருகாணிகளைக் கழற்றினார். வயரைப் பாதி வெளியே இழுத்துவிட்டார். வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்து, உட்கார்ந்து, காலை ஆட்டினார். திரை நின்றது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா மாமா! நின்னுடுச்சு!" தன் மேல் தப்பு நிரூபணமான சந்தோஷத்தில் அவர் எழுந்து குதிக்காத குறைதான்.

"பாத்தேன் மாப்பிள்ளை" என்றார் மாமனார். "வயரை நீங்களே இழுத்துவிட்டதையும் பாத்தேன். எனக்காக நல்ல மெஷினைக் கெடுத்துக்கூடக் காட்டுறீங்க. பெத்த பிள்ளை செய்வானா இதை? போதும். நீங்க இவ்வளவு பாடுபட்டதுக்காகவாவது நான் ஓட்டுறேன்."

சொல்வதற்கு இருந்த உண்மையையெல்லாம் சர்வேயர் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். குனிந்து, வயரை மாட்டி, திருகாணிகளை மறுபடி முடுக்கினார்.

மாமனார் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. ஆளில்லாத அகலமான ரோட்டில் அதை ஓரமாக, சைக்கிளுக்கும் பின்னால் போகிற வேகத்தில் ஓட்டினார். பழைய வளைவு வந்தபோது ஏறக்குறைய நிறுத்தியேவிட்டார். விளக்குக் கம்பத்தைத் தாண்டும் வரை அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

முதல் நிறுத்தத்தில் நின்றதும் பின்னால் திரும்பி, "நிக்கலையே மாப்பிள்ளை? டிரைவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. நல்லா ஓடுது. நீங்க ஓட்டுங்க."

சந்தைக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் ஏறினார்கள். பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போனது. அவர் மறுபடி திரும்பி அதையே கேட்டார். சர்வேயர் மறுபடி அதையே சொன்னார். மனைவி டீ போட எழுந்து போய்விட்டாள்.

அதற்கடுத்த நிறுத்தத்தில் எல்லோரும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது, கதவும் மூடியாகிவிட்டது. பஸ் கிளம்பவில்லை. மாமனார் திரும்பி, கண்டக்டரின் 'ரைட்'டுக்குக் காத்திருக்கிற மாதிரி, சர்வேயரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.